நாப்பதுக்குக் கீழ இறங்கக்கூடாது

வாங்க தம்பி, வாங்க. ஷூவை அங்கனயே கழட்டிருங்க, உள்ள கார்ப்பெட்டு. பெட்டியைச் சுவரோரமா வைங்க. என்ன, வந்ததும் வராததுமா மாடிப்படிக்குக் கீழ குனிஞ்சு பாக்குறீங்க? அது கரண்டு மீட்டரு. ரூம் பாக்க வர்றவன் கட்டிலைப் பாப்பான், ஜன்னலைப் பாப்பான், பாத்ரூம்ல தண்ணி வருதான்னு பாப்பான். மொதல்ல மீட்டரைப் பாக்குற ஆளை இப்பத்தான் பாக்குறேன். நல்லதுதான். இந்த வீட்டுல அதுதான் முக்கியம்.

உக்காருங்க, டீ போடுறேன். கோட்டைக் கழட்ட வேண்டாம், போட்டுக்கிட்டே இருங்க. நானும் பாருங்க, வீட்டுக்குள்ளயே குல்லா போட்டிருக்கேன். ஹீட்டர் இருக்கு. போடுறதில்ல. எனக்குக் குளிர் அவ்வளவாத் தெரியாது. அப்புறம், பேச்சுல எனக்கு நீன்னுதான் வரும், தப்பா எடுத்துக்கக்கூடாது. உன்னைவிட இருபது வயசாவது மூத்தவனா இருப்பேன். பேரு தவசிலிங்கம். சாத்தூரு. மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில வார்டு சூப்பர்வைசரா இருந்தேன். ஐம்பதைத் தாண்டினப்புறம் எவனாவது சீமைக்கு வருவானா? நான் வந்தேன்.

உனக்கும் அதே முதியோர் இல்லத்துலதான வேலை? திங்கக்கிழமை சேரணுமா? சேரு. குளிப்பாட்டணும், ஊட்டணும், திருப்பிப் படுக்க வைக்கணும். அவங்க பேசுற இங்கிலீஷு மொதல்ல ஒரு மண்ணும் புரியாது. போகப்போகப் புரியும். புரிஞ்சப்புறம் பாத்தா எல்லாக் கிழவியும் ஒண்ணையேதான் கேக்குறா, எம் மகன் எப்ப வருவான்னு. ஞாயித்துக்கிழமை வருவாருன்னு சொல்லிரு. எல்லாருக்கும் நான் அதைத்தான் சொல்றது.

போன்ல நீ, தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னாரு இங்க ரூம் இருக்குன்னு சொன்ன. யாருன்னு நான் கேக்கல. இந்த ஊர்ல இருக்கிறதே நாலு தமிழன், அதுல எவனோ சொல்லியிருப்பான். சரி, விஷயத்துக்கு வாரேன்.

இந்த வீட்டுக்கு ஒரே சட்டம். நீ மீன் பொரி, கருவாடு வறு, பாட்டுப் போடு, நான் கேக்கமாட்டேன். ஆனா மீட்டரு நாப்பதுக்குக் கீழ இறங்கக்கூடாது. பவுனுன்னா நகை இல்ல, இந்த ஊருத் துட்டு. நாப்பது பவுனு. நீ ஒருவாட்டி போடு, நான் ஒருவாட்டி போடுறேன், எப்படியும் நாப்பது அப்படியே நிக்கணும். இதுக்கு முன்னாடி ஒரு மலையாளத்துக்காரப் பையன் வந்தான். ரூம் பிடிச்சிருக்குன்னான். இந்தச் சட்டத்தைச் சொன்னேன். யோசிச்சுச் சொல்றேன்னு போனவன்தான்.

விவரமாச் சொல்றேன் கேளு. நம்ம ஊர்ல என்ன? எரிக்கிற மட்டும் எரிச்சிட்டு, ரெண்டு மாசம் கழிச்சுத் துட்டு கட்டுவோம். இங்க துட்டைக் கட்டிட்டு அப்புறம்தான் எரிக்கணும். எல்லா வீட்டுலயும் இல்ல. நம்மளை மாதிரி ஆளுக்கு வாடகைக்கு விடுற பழைய வீடுகள்ல இந்த மீட்டரு. அந்தா ஆணியில தொங்குது பாரு, நீல பிளாஸ்டிக்கு. அதுக்குச் சாவின்னு பேரு. அதை எடுத்துக்கிட்டு மூலைக்கடைக்குப் போகணும். கடைக்காரன் ஒரு மெசின்ல சொருகி, நீ குடுக்கிற துட்டை அதுக்குள்ள ஏத்திக் குடுப்பான். கொண்டாந்து மீட்டர்ல சொருகினா நம்பர் ஏறும். அந்தச் சாவி இந்த மீட்டருக்கு மட்டும்தான். தொலைச்சிராத.

இன்னொண்ணு. நீ ஒரு பல்பு கூடப் போடாட்டியும் தினம் கொஞ்சம் பிடிச்சுக்குவான். எதுக்குடான்னா, மீட்டரு சும்மா இருக்கிறதுக்கு. சும்மா இருக்கிறதுக்கும் துட்டு வாங்குற ஊரு இது. எல்லாம் தீந்துபோச்சுன்னா அஞ்சு பவுனு கடன் குடுக்கும். அதுவும் தீந்தா டப்புனு ஆஃப். குளிர்காலத்துல இங்க நாலு மணிக்கே இருட்டிரும். அப்ப ஆஃப் ஆச்சுன்னா உன் மூச்சு மட்டும்தான் உனக்குக் கேக்கும். எனக்கு ஒருவாட்டி ஆச்சு. அதுக்காகத்தான் நாப்பதுன்னு நினைக்காத. அதுக்கு அஞ்சோ பத்தோ இருந்தாப் போதும். நாப்பது வேற கதை.

டீயை ஆற விடாத.

ஏசுவடியான்னு ஒருத்தன். குளச்சல் பக்கம். என்கூட ஒரே சமயத்துல இங்க வேலைக்கு வந்தவன். நான் முன் ரூமு, அவன் நீ இப்ப வரப்போற ரூமு. என்னைவிடச் சின்னவன். என்னை அண்ணாச்சிம்பான். மீன் பேச்சைத் தவிர அவனுக்கு வேற பேச்சு கிடையாது. இந்த ஊர்க் கடல்ல கிடைக்கிற மீனுக்கு உப்பு பத்தாதுன்னு தினமும் ஒருவாட்டி சொல்லுவான். சொல்லிட்டு அதையே வாங்கியாந்து குழம்பு வைப்பான். நான் சோறு வைப்பேன். சாவி அந்த ஆணியிலதான் தொங்கும். அவன் ஒருவாட்டி போடுவான், நான் ஒருவாட்டி போடுவேன். கணக்கு வழக்குன்னு ஒண்ணும் கிடையாது. கம்மியா இருந்தா கண்ணுல பட்டவன் போட வேண்டியதுதான்.

இப்ப எங்க வீட்டு விஷயம் ஒண்ணு சொல்லணும். சொன்னாத்தான் மிச்சம் புரியும். சாத்தூர்ல வீடு என் பேருலதான். EB-யில என் போன் நம்பர்தான் குடுத்திருந்தேன். ரெண்டு மாசத்துக்கு ஒருக்க டிங்குன்னு மெசேஜ் வரும், இம்புட்டு யூனிட்டு, இம்புட்டு ரூபா, இன்ன தேதிக்குள்ள கட்டுன்னு. கிழவனுக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருந்தாலும் கையைத் தொடச்சிட்டு அந்த நிமிசமே கட்டிருவேன். கட்டிட்டு வீட்டுக்காரிக்குப் போன் போடுவேன். மாரிச்செல்வின்னு பேரு. என்னடி இந்தவாட்டி யூனிட்டு கூடிருக்கு, ஏசியைப் போட்டுட்டுப் போர்த்திக்கிட்டுத் தூங்குறியா, மாடி லைட்டை அணைக்கிறதில்லையாம்பேன். சும்மா ஒரு பேச்சுதான். மகளைக் கட்டிக் குடுத்தாச்சு, பேசுறதுக்கு ஒரு சாக்கு வேணும்ல. அவளும் ஆமா, ம், சரின்னுவா. அவ பேசுறதே அம்புட்டுத்தான்.

ஒருவாட்டி மெசேஜ் வரல. ஆளு ரீடிங் எடுக்க வரலயோன்னு நினைச்சேன். ரெண்டு நாள் பாத்தேன், ஒரு வாரம் பாத்தேன். ஆப்புல போயிப் பாத்தா, பில்லு கட்டியாச்சுங்குது. யாரு கட்டுனா? அவதான். EB ஆபீசுக்கு அவளே போயி, எழுதிக் குடுத்து, நம்பரை அவ நம்பருக்கு மாத்தியிருக்கா. EB ஆபீசு எந்தத் தெருவுல இருக்குன்னே தெரியாதவ தம்பி அவ. முப்பது வருசமா நான்தான் கட்டுனேன்.

போனைப் போட்டுக் கேட்டேன். என்னடி இது, நான் என்ன செத்தா போயிட்டேன்? அப்புறம் அப்படியே விசா பேச்சையும் எடுத்தேன். நான் வந்தப்ப பொண்டாட்டியக் கூட்டிட்டு வர இந்த நாட்டுக்காரன் இடம் குடுத்தான், இப்ப வர்றவங்களுக்குத்தான் இல்லங்கிறான். உனக்குத் தெரிஞ்சிருக்கும். நான் பேப்பரு எல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தேன்.  அதுக்கு அவ சொல்றா:

“நீங்க போன பெறகுதான் வீட்டுல சத்தமில்லாம இருக்கு. நான் இப்படியே இருந்துக்கிறேன். நீங்க அங்கேயே நல்லா இருங்க.”

சத்தம்ங்கிறா. நான் என்ன சத்தம் போட்டேன்? வார்டுல நாப்பது பேரை மேய்ச்சவன், குரல் கொஞ்சம் எடுப்பா இருக்கும். நீயே சொல்லு, நான் இப்பச் சத்தமாவா பேசுறேன்? பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி சுவத்தைத் தட்டுவா. அவ எதுக்கெடுத்தாலும் தட்டுறவ.

ராத்திரிக்குச் சோறு இறங்கல. ஏசுவடியான் அடுப்படியில மீன் அலசிக்கிட்டு இருந்தான். என்ன அண்ணாச்சின்னான். சொல்லிட்டேன். யார்ட்டயும் சொல்லாததை அவன்ட்டச் சொன்னேன். EB மெசேஜ் நின்னுபோச்சுடா, அவ வரமாட்டாளாம்டான்னேன். அவன் கையைக் கழுவிட்டு வந்து பக்கத்துல உக்காந்தான். ஒரு வார்த்தை சொல்லல. வா சாப்பிடலாம்னுகூடச் சொல்லல. உக்காந்தே இருந்தான். அதான் அவன்ட்ட எனக்குப் பிடிச்சது. மத்தவங்க யார் கேட்டாலும் விசா ரெடியாகுது, வந்துருவா அப்படின்னே சொல்லிக்கிட்டு இருந்தேன். என்ன சொல்லச் சொல்ற? பொண்டாட்டி வேண்டாம்னுட்டாள்னு ஊரெல்லாம் தமுக்கு அடிக்கவா?

இப்ப மூலைக்கடைக்கு வா. கடைக்காரர் குகதாசன், யாழ்ப்பாணத்துக்காரர். தங்கமான மனுசன், அவரு பேசுற தமிழ்தான் நமக்குப் பிடிபடாது. பேசுறதைக் கதைக்கிறதும்பாரு. பொண்டாட்டியை மனுசிம்பாரு. மொதநாள் “மனுசி எங்க?”ன்னு கேட்டாரு, எந்த மனுசின்னு முழிச்சேன். சரி, பழகிப்போச்சு. இந்த ஊர்ல சாவி சொருகப் போற இடத்துல நாலு வார்த்தை தமிழ்ல காதுல விழுதே, அதுவே பெரிசு. அதுக்காக நான் போகல. கரண்டுக்குத்தான் போனேன். சில நாளு மீட்டர்ல இருந்தாலும் போவேன், முன்னெச்சரிக்கைக்கு.

ஏசுவடியான்ட்டச் சொல்லி ஒரு வாரம் இருக்கும், கடையில சாவியைக் குடுத்தேன். அவர் மெசின்ல சொருகிக்கிட்டே மனுசி எப்ப வாறான்னு கேட்டாரு. விசா ரெடியாகுதுன்னேன். அதுக்கு அவர் என்னை நிமிந்து பாத்துச் சொன்னாரு பாரு:

“ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அண்ணை. ஆறுதலா இருங்கோ.”

எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. ஆறுதலா இருங்கோவா? எனக்கு எதுக்கு ஆறுதல்? நம்ம ஊர்ல எப்ப ஆறுதல் சொல்லுவோம்? எழவு வீட்டுல சொல்லுவோம். பரீட்சையில தோத்தவனுக்குச் சொல்லுவோம். விசா ரெடியாகுது, பொண்டாட்டி வர்றாங்கிறவனுக்கு எவனாவது ஆறுதல் சொல்லுவானா? அப்படின்னா இந்தாளுக்கு விஷயம் தெரியும். சாவியை வாங்கிக்கிட்டுக் கிளம்பறேன், முதுகுக்குப் பின்னாடி “ஆறுதலாப் போங்கோ”ங்கிறாரு. இன்னும் ரெண்டு பேரு கடையில நிக்கிறாங்க. எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு.

அடுத்தவாட்டி போனேன், அப்பவும் அதே. ஆறுதலா வாங்கோ. அதுக்கடுத்தவாட்டியும் ஆறுதலா. ஒரு நாள் அவரு சம்சாரம் கல்லாவுல இருந்துச்சு. அந்தம்மாவும் ஆறுதலாங்குது. குடும்பமே எனக்கு ஆறுதல் சொல்லுது தம்பி. நான் கேட்டேனா? இவங்க ஆறுதலுக்கு நான் ஏங்கிக்கிட்டா கிடக்கேன்?

யாரு சொல்லியிருப்பா? விஷயம் தெரிஞ்சது ஒரே ஒருத்தனுக்கு. ஒருவாட்டி நான் கரண்டுக்குப் போறேன், ஒருவாட்டி அவன் போறான். அங்க போயி கல்லாவுல சாஞ்சுக்கிட்டு, எங்க அண்ணாச்சி பாவம், பொண்டாட்டி வேண்டாம்னுட்டாள்னு சொல்லியிருக்கான். வேற எப்படி வரும்? நீயா இருந்தாலும் அப்படித்தான நினைப்ப?

வீட்டுக்கு வந்து கேட்டேன். கத்தல் எல்லாம் இல்ல. கேட்டேன். ஏன்டா, நம்பிச் சொன்னதைக் கடையில போயி வித்துட்டியேடா, அதுக்கு உனக்கு என்னடா குடுத்தான், மீனு குடுத்தானான்னேன். அவன் கரண்டியைப் பிடிச்சபடி நின்னான். “நான் ஆருகிட்டயும் சொல்லல்ல அண்ணாச்சி”ன்னான். அதோட விட்டிருக்கலாம். எனக்கு வந்த வேகத்துல, உம் பொண்டாட்டி தினம் உங்கிட்டக் கொஞ்சிக் கொஞ்சிப் பேசுறாள்ல, அந்தத் திமிருடா உனக்குன்னுட்டேன். அவன் அடுப்பை அணைச்சிட்டு ரூமுக்குப் போயிட்டான். வெள்ளைக்காரி அன்னைக்குச் சுவத்தைத் தட்டுனா. அது எதுக்குன்னு தெரியல.

அன்னையிலருந்து பேச்சு இல்ல. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே மீட்டரு. டூட்டி முடிச்சு நான் வருவேன், அவன் போவான். அவன் வருவான், நான் போவேன். சாவி மட்டும் மாறி மாறிப் போயி வரும். நான் பத்து போட்டா, மறுவாட்டி பாத்தா இருபது போட்டிருப்பான். என்ன அர்த்தம்? நான் பெரிய மனுசன்னு காட்டுறான். சரிடான்னு நான் முப்பது போட்டேன். விடுவேனா? அந்த வருசக் குளிர்காலத்துல இந்தத் தெருவுலயே நிறைஞ்ச மீட்டரு நம்ம மீட்டரு.

இன்னொரு அநியாயம் சொல்றேன் கேளு. நான் டூட்டி முடிஞ்சு பனியில நனைஞ்சு வந்து ரூம் கதவைத் தொறந்தா, உள்ள ஹீட்டர் ஓடிக்கிட்டு இருக்கும். என் ரூம்ல. நான் போடாம. அவன்தான் டூட்டிக்குக் கிளம்பும்போது போட்டுட்டுப் போறது. ஆளில்லாத ரூமுக்கு ஹீட்டரு எதுக்கு? கரண்டு வீணாப் போகட்டும், அண்ணாச்சிக்கு வயிறு எரியட்டும்னுதான? ஒரு நாளு ரெண்டு நாள் இல்ல, தினமும். நான் உடனே அணைக்கிறதில்ல. ஓடுனது ஓடிருச்சு, அந்தச் சூட்டை ஏன் விடணும்னு படுத்துருவேன். அந்த மாசமெல்லாம் நல்லாத்தான் தூங்குனேன்.

அப்புறம் ஒரு நாள் பெட்டி கட்டுறான். வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்குன்னு இல்லத்துல பேசிக்கிட்டாங்க, லீட்சுன்னு. எங்கிட்டச் சொல்லல. பேசினாத்தான சொல்றதுக்கு. நான் அடுப்படியில அரிசி கழுவிக்கிட்டு நின்னேன். அவன் வாசல்ல வந்து நிக்கிறது தெரியுது. திரும்பல. அரிசியையே கழுவிக்கிட்டு இருக்கேன். தண்ணி தெளிஞ்சு போச்சு, இன்னும் கழுவுறேன்.

“அண்ணாச்சி, மீட்டர்ல போட்டிருக்கேன்.”

அம்புட்டுத்தான் சொன்னான். கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் போயி மீட்டரைப் பாத்தேன். அவன் முறைன்னு நான் போடாம விட்டது, காலையில சைபர்கிட்ட இருந்துச்சு. இப்ப நாப்பது.

கேக்குறேன், போறவன் எதுக்குடா போடணும்? எரிக்கப்போறது நானு. அவன் எரிச்சதுக்கெல்லாம் எப்பவோ போட்டாச்சு. போறப்பவும் ஒரு மிதப்பு பாரு. நான் என்ன பண்ணினேன், மறுநாளே போயி இருபது போட்டேன். அறுபது ஆச்சு. அதுலருந்து அந்த இருபதைத்தான் எரிக்கிறேன். நாப்பதுக்கிட்ட வந்துச்சுன்னா உடனே கடைக்கு ஓடுவேன். அவன் துட்டை நான் எரிக்கமாட்டேன். ஒத்தப் பைசா எரிக்கமாட்டேன். அது அப்படியே இருக்கணும். வந்து கேட்டான்னா, இந்தா பாருடா நீ போட்டது நீ போட்டபடியே இருக்குன்னு காட்டணும்ல.

சிரிக்கிற. மீட்டருக்குள்ள எது அவன் துட்டு எது உங்க துட்டுன்னு எப்படி அண்ணாச்சி தெரியும், எல்லாம் கலந்துதான கிடக்கும்னு கேக்க வர்ற. எனக்கும் தெரியும்யா. வார்டு கணக்குப் பாத்தவன் நான்.

அதுக்காகத்தான் ஹீட்டர் போடுறதில்ல. அது ஓடுச்சுன்னா மடமடன்னு இறங்கிரும். ஒருவாட்டி சளி பிடிச்சுக் கடைக்குப் போக முடியல, நாப்பத்தொண்ணுல நின்னுச்சு. லைட்டை அணைச்சிட்டேன், பிரிட்ஜைக்கூட அணைச்சிட்டேன், கம்பளியைச் சுத்திக்கிட்டு இந்த நாற்காலியிலயே உக்காந்திருந்தேன். ஆஃப் ஆச்சுன்னு சொன்னேன்ல, அது இதுதான். மீட்டரு ஆஃப் பண்ணல. நானாத்தான் பண்ணினேன். இறங்க விடல.

இதுக்கு மேலதான் விஷயமே. அவன் போயிக் கொஞ்ச நாள் கழிச்சுக் கரண்டுக்குப் போறேன். கடை வாசல்ல வண்டி நிக்குது, ஒரு பையன் சோடாப் பெட்டி இறக்குறான். அவசரத்துல ஒரு பெட்டி சாயப் பாத்துச்சு. குகதாசன் உள்ளருந்து குரல் குடுக்குறாரு: “டேய், ஆறுதலா இறக்கு. ஆறுதலா.”

நான் அப்படியே நின்னுட்டேன். சோடாப் பெட்டிக்கு எதுக்குய்யா ஆறுதல்? அதுக்கு யாரு செத்தா?

உள்ள போயிக் கேட்டேன். ஏங்க, ஆறுதலான்னா என்னங்க? அவர் என்னை ஒரு மாதிரிப் பாத்தாரு. மெதுவா எண்டுறது அண்ணை, அவசரப்படாமல், உங்கட ஊர்ல அப்பிடிச் சொல்லுறேல்லையோன்னாரு. சாவியை நீட்டினேன்.  அப்புறம் கேட்டேன், எங்கூட ஒருத்தன் இருந்தானே ஏசுவடியான், அவன் என்னைப் பத்தி எதுவும் இங்க சொல்லியிருக்கானான்னு.

“அவரோ? அவர் மீனைப் பற்றித்தானே கதைப்பார்.”

மீனைப் பத்தித்தான் கதைப்பானாம்.

அப்படின்னா யாரு மேல தப்பு? சொல்லு. ஒரே தமிழு, ஆளுக்கொரு அர்த்தம். மெதுவான்னு சொல்றதுக்கு மெதுவான்னு ஒரு வார்த்தை இருக்குல்ல, அதை விட்டுட்டு ஆறுதலாம். குகதாசன் மேலதான் தப்பு. இல்ல, இந்த மீட்டரு மேல. நம்ம ஊரு மாதிரி வீட்டுலருந்தே கட்டுற கரண்டா இருந்தா நான் ஏன் அந்தக் கடைக்குப் போறேன்? போகாட்டி அந்த வார்த்தை என் காதுல ஏன் விழுது? விழாட்டி அவன் இந்நேரம் அந்த அடுப்படியில நின்னு உப்பு பத்தலைன்னு சொல்லிக்கிட்டு இருப்பான்.

போன் பண்ணலையான்னு கேக்குற. யாரா இருந்தாலும் அதைத்தான் கேப்பாங்க. என்னன்னு பண்ணச் சொல்ற? தம்பி, ஒரு வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியாமப் போச்சுடான்னு சொல்லவா? நம்பர் இருக்கு. எடுத்து எடுத்துப் பாப்பேன். அவன் பேருக்குப் பக்கத்துல ஒரு மீன் படத்தைப் போட்டு வச்சிருப்பான், அதையே பாத்துட்டு வச்சிருவேன். அவனாவது பண்ணலாம்ல. அவனும் பண்ணல. நான் பேசின பேச்சுக்கு அவன் எதுக்குப் பண்ணுவான். சத்தம் போடுறவன்ட்டருந்து தப்பிச்சோம்னு நிம்மதியா இருப்பான். அவ மாதிரியே.

சரி விடு. ஏதோ பேசிக்கிட்டே போயிட்டேன். ஆளு வந்து ரொம்ப நாளாச்சு. வாடகை தெரியும்ல, மாசம் பிறந்ததும் குடுத்திரு. உன் ரூமைப் பாரு, ஜன்னல் கடல் பக்கம்தான், கடலு கண்ணுக்குத் தெரியாது, ஆனா வாடை வரும். அதுக்காகவே அவன் அந்த ரூமை எடுத்தான்.

என்ன? எங்கருந்து வந்தேன்ன? லண்டன்லருந்துதான வர்ற? லீட்சா? அங்க மூணு வாரம் டிரெய்னிங்கா? இதை ஏன் நீ மொதல்லயே சொல்லல?

சொல்லக்கூடாதுன்னு சொன்னானா?

இரு. இரு தம்பி. திரும்பச் சொல்லு, எனக்கு இந்தக் காது கொஞ்சம் மந்தம். அந்தத் தெரிஞ்சவரு அவனா? என்ன சொல்லி அனுப்பினான், அவன் சொன்னபடியே சொல்லு.

“உள்ள போனதும் மொதல்ல மீட்டரைப் பாரு. நான் போட்டது அப்படியே நிண்ணா, அண்ணாச்சி ஹீட்டர் போடாம குளுருலதான் கெடக்காருன்னு அர்த்தம்.”

இதைச் சொன்னானா? நான் போட்டது அப்படியே நிண்ணான்னா சொன்னான்? அப்ப அவனுக்குத் தெரியும். நான் இப்படித்தான் பண்ணுவேன்னு தெரிஞ்சேதான் போட்டானா, இல்ல போட்டப்புறம் யோசிச்சானா? அது உனக்கு எப்படித் தெரியும். நீ எத்தனைன்னு பாத்த? நாப்பத்தி ரெண்டா? சரியாத்தான் பாத்திருக்க.

ஒண்ணுமில்ல. கண்ணாடியில ஆவி பிடிச்சிருச்சு, டீக்குப் பக்கத்துல உக்காந்தா இப்படித்தான். தொடச்சிக்கிறேன். நீ ஒரு காரியம் பண்ணு. அந்தச் சுவத்துல வெள்ளைச் சுவிட்சு இருக்கு பாரு, அதைப் போடு. ஆமா, ஹீட்டரு. உன் ரூமுலயும் போடு. இறங்கட்டும். முப்பது வரட்டும், இருபது வரட்டும். அவன் போட்டதுதான, எரியட்டும். எதுக்குப் போட்டானோ அதுக்குத்தான் எரியுது.

கோட்டைக் கழட்டிக்கோ, இப்பச் சூடாயிரும்.

போனா? இப்பயா? நீயே போட்டுட்டியா? என்னய்யா நீ, கேக்காம கொள்ளாம. கொண்டா இங்க. நான் என்னன்னு பேசுவேன். சத்தமாப் பேசமாட்டேன், சொல்லிட்டேன். ரிங் போகுதா? டூட்டியில இருப்பான், எந்தக் கிழவனுக்காவது சோறு ஊட்டிக்கிட்டு இருப்பான். வைக்காத, வைக்காத, போகட்டும். அவசரம் ஒண்ணும் இல்ல. அவன் கையைக் கழுவிட்டு ஆறுதலா எடுக்கட்டும்.